துண்டுக்குள் நுழைந்த கை

மட்டாஞ்சேரி, 1984

அன்புள்ள பத்ருன்னிசாவுக்கு ஸலாம். உன் முட்டுவலி தேவலையா? பிள்ளைகள் சுகமா? எனக்குக் கழுத்துப் பிடிப்பு மட்டும்தான், பயப்படாதே.

அதற்காக உடம்பைத் தளர்த்தும் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தேன். "கண்ணை மூடிண்டு உடம்பை அதன் போக்கில விடுங்கோ. உள்ளே இருக்கற சக்தி தானே அசைக்கும்," என்றார் விஸ்வேஸ்வரன் மாஸ்டர். மற்றவர்கள் மெல்ல ஆடினார்கள். என் வலக்கையோ தோள்துண்டுக்குள் நுழைந்து இன்னொரு கையின் விரல்களைத் தேடித் துழாவியது.

"ஓய் பாய், இங்கேயும் துண்டுக்கடியில விரல் பிடிச்சு மிளகு விலை பேசறீரா?" என்று எங்கள் மிளகுச் சந்தைத் தரகர் பிச்சுமணி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, அது விலை பேசவில்லை. உன் கையைத் தேடியது.

தபால் எடுக்க நேரமாகிவிட்டது. வகுப்பில் விரிக்க ஒரு ஜமுக்காளம் வேண்டும். பார்சலில் போட்டால் கூலி தண்டம். பள்ளி லீவு விட்டதும் நீயே கொண்டு வா.

அபூபக்கர்