உடம்பின் குடோன்

வெள்ளி இரவு. பௌர்ணமிக்கு மறுநாள்.

நேற்று கிரிவலக் கூட்டம். எங்கள் பூஜைச் சாமான் கடையில் கற்பூரமும் திரியும் நன்றாக விற்றும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் இல்லை. கல்லாவில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பல மாதமாக இப்படித்தான். வயசாகிவிட்டது, கடையை நீங்களே பாருங்கள் என்று கொழுந்தனாரிடம் சொல்லியும் விட்டேன். நாளை சாவி வாங்க வருவதாக இருந்தார்.

இன்று நானும் வீட்டுக்காரரும் ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரிடம் போனோம். ரத்த அளவு சரியாகத்தான் இருக்கிறதாம். உடம்பு சேர்த்து வைக்கும் இரும்புதான் தீர்ந்துவிட்டதாம். அலமாரியில் சரக்கு இருக்கிறது, குடோன் காலி. அது எனக்குப் புரிந்தது. இரும்பு குறைந்தால் தைராய்டு மந்தமாகும், தைராய்டு மந்தமானால் இரும்பும் உடம்பில் சரியாகச் சேராதாம். நான் மரக்கட்டை மாதிரி இருப்பதும் இதனால்தானாம், வயசால் இல்லையாம்.

"மாத்திரை எப்படிம்மா போடுறீங்க?"

"கடை திறக்கறதுக்குள்ள தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை ரெண்டையும் ஒண்ணா வாயில போட்டு டீ குடிச்சிடுவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இரும்பு மாத்திரை தைராய்டு மாத்திரைய உடம்புல சேரவே விடாதும்மா. நாலு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. டீயோட வேணாம்."

"ரெண்டு கிராக்கி வந்தாலும் ஒரே பொட்டலமா கட்டுற ஆளுங்க இவ," என்றார் வீட்டுக்காரர். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்ததும் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "சாவி இப்ப வேணாம் தம்பி. கொஞ்ச நாள் பொறுங்க."

சொன்னபோதும் மனசில் ஒன்றுமில்லை. விடிந்ததும் போட, தைராய்டு மாத்திரை தலைமாட்டில் இருக்கிறது. இரும்பு மாத்திரையைக் கைப்பையில் போட்டுவிட்டேன். இனி அது கல்லாப்பெட்டியில்தான் இருக்கும்.