வளைவுக்கு ஒரு சைகை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கை வலி குறைந்துவிட்டது, எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இனி உன் சேதிதான் தெரிய வேண்டும். சளி விட்டதா, அந்தக் குளிருக்கு உடம்பு பழகிவிட்டதா என்று எழுது. போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்பாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். சொல்ல வந்தது நல்ல சேதி, ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

பரிசு வாங்கிய அன்று நீ பேசிய வீடியோவை அனுப்பிவிட்டு வீடியோ காலில் கூப்பிட்டாயே, அப்போது அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார். நீ சைகை காட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் வாயால் மட்டும் சொன்னாய், "அப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டாதம்மா, பாவம், ஒண்ணும் புரியாது, பரிசு கெடச்சுதுன்னு மட்டும் சொல்லிடு" என்று. காது கேட்காவிட்டாலும் அவர் உதட்டைப் படிப்பார் என்பதை நீயே மறந்துவிட்டாய். மனிதர் படித்துவிட்டார். மறுநாள் பேக்கரியில் மாவு பிசைகிற வேலை முடிந்ததும் நேரே காது கேளாதோர் சங்கத்துக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பேச்சு திரையில் காட்டப்படும், சைகையில் சொல்பவர் என் மனைவி என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கே சொன்னார். சைகை மொழிபெயர்ப்பாளராகக் கோர்ட்டில் நின்றிருக்கிறேன், பிரசவ அறையில் நின்றிருக்கிறேன், ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொல்வதை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன், ஆனால் உன் இயற்பியல் பேச்சில் மூச்சுக்கு மூச்சு வருகிற கேஜ் புலம் என்பதற்குச் சைகையே கிடையாதே. கேஜ் என்றால் அளவு என்று அகராதி சொல்கிறது, அளக்கிற சைகையைக் காட்டினால் எல்லோருக்கும் தையல்காரர் டேப்தான் கண்ணில் வரும்.

அந்த வாரம் முழுக்க அடுப்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உன்னை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாய். கடைசியில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ஒவ்வொரு இடமும் தனக்கு எது நேர்த்திசை என்று தானே வைத்துக்கொள்ளலாம். பக்கத்து இடத்தின் திசையோடு அது எப்படிப் பொருந்தும் என்று சொல்லுவது அந்தப் புலம். ஓர் அம்பை அந்தச் சொல்படி கைமாற்றிக்கொண்டே ஒரு சுற்று போய்ப் புறப்பட்ட இடத்துக்கு வந்தால் அது திரும்பிப் போயிருக்கும், அந்தத் திருப்பம்தான் வளைவு. மின்காந்தம் மாதிரி மற்ற விசைகளில் அம்பு திரும்புவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்ளறையில், ஈர்ப்பு விசையில் அதுவே காலவெளியின் வளைவு. தப்பாக இருந்தால் திட்டாதே, உன்னைப் பெற்ற வயிறு படித்தது இவ்வளவுதான்.

ஞாயிறன்று நாற்காலி போதாமல் சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். நான் கை தெளிவாகத் தெரிவதற்கான என் கறுப்புச் சட்டையில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். நீ கேஜ் புலத்துக்கு வந்ததும் எழுத்து எழுத்தாக விரலால் காட்டினேன், ஒரு முகமும் மலரவில்லை. அளவு என்று காட்டினேன். முன் வரிசையில், கன்னத்தைத் தொட்டுச் சைகையில் பேர் சொல்வோமே, அந்தக் கன்னமச்சம் இருந்தார், செருப்புக் கம்பெனியில் தோல் வெட்டியவர், நீ சின்ன வயதில் அவர் மடியில்தான் தூங்குவாய். அவர் எழுந்து, "எதை அளக்கிறாங்க?" என்று கேட்டார். வேலைக்கு வந்த நாளாக நடக்காதது நடந்தது, என் கை நின்றுவிட்டது. பின் வரிசையிலிருந்து உன் அப்பா எழுந்து வந்தார். வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, "பேரை விடு, அது என்ன செய்யுதுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். திரையில் நீ வரைந்த அம்பு வட்டம் அப்படியே நின்றிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு எல்லோரையும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு வட்டமாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவரும் இஷ்டப்பட்ட பக்கம் பார்த்து நிற்கலாம். பக்கத்தில் இருப்பவர் நீட்டிய கையைத் தான் எவ்வளவு திருப்பி வாங்குவது என்று இரண்டிரண்டு பேராகப் பேசி வைத்துக்கொண்டார்கள். முதல் ஆள் கையை நேராக நீட்டினார், அது ஆள் மாறி ஆள் மாறிச் சுற்றி வந்தபோது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கன்னமச்சம், "நான்தான் கோணலா நின்னுட்டேன்" என்று வேறு பக்கம் திரும்பி, இரு பக்கத்து ஆட்களோடும் பேச்சை அதற்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டார். மறுபடி சுற்றினார்கள். அதே கோணல். இன்னொருவர் திரும்பினார், இன்னொருவர், ஊகூம், யார் எப்படி நின்றாலும் அந்தக் கோணல் போகவே இல்லை, அது நிற்கிற ஆளில் இல்லை, அந்தச் சுற்றில்தான் இருந்தது. அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், அத்தனை கையும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன.

அந்த இடத்திலேயே சைகையும் பிறந்தது. இரண்டு உள்ளங்கையையும் பக்கம் பக்கமாக வைத்து, இடது திரும்பினால் வலதும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும், அது புலம். சுட்டுவிரலால் ஒரு வட்டம் போட்டு, முடிக்கிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், அது வளைவு. மீதிப் பேச்சு முழுக்க என் கை தண்ணீர் மாதிரி ஓடியது. கடைசியில் கன்னமச்சம்தான் மறுபடி மடக்கினார். "மத்த விசையில அம்பு திரும்புறது கண்ணுக்குத் தெரியாத ஏதோ உள்ளறையில, ஈர்ப்புல திரும்புறது நாம நிக்கிற உலகத்தோட திசையே, அப்ப ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றார். நான் வீடியோவின் கடைசிப் பகுதியை ஓடவிட்டேன். நீ மேடையில் சொன்னாய், கணக்கு ஒரே மாதிரி இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று முழுதாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை, அதில்தான் வேலை செய்கிறேன் என்று. கூடம் முழுக்கக் கைகள் மேலே எழுந்து படபடத்தன. உனக்குக் கேட்டிருக்காது, கேட்கிற கைதட்டலும் இல்லை அது. வீட்டுக்கு வரும்போது அப்பா பரிசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ்வளவு பெரிய ஆளுங்க முன்னாடி எம் பொண்ணு தெரியலைன்னு சொன்னா பாத்தியா" என்று இரண்டு தெரு தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ உன்னை நினைத்துப் பெருமைப்படுவதா அவரை நினைத்தா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்து அழுதேன், தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரே ஒரு குறை. நீ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாதிப் பேச்சைப் பேசினாய், உதடே தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இனி எங்கே பேசினாலும் ஆட்களைப் பார்த்துப் பேசு. வேளைக்குச் சாப்பிடு. அன்று சொன்னதற்காக அப்பாவிடம் மன்னிப்பு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே, அவருக்கு அது பிடிக்காது.

உன்னிடம் கேட்க அவர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார், "அவகிட்டயே கேட்டுக்கிறேன்" என்கிறார். உலகத்தில் எல்லாவற்றையும் பேசிய உங்கள் இருவர் கைகளுக்கும் நடுவில் உன் வேலைக்கு மட்டும் வார்த்தை இல்லாமல் இருந்தது. மேலே எழுதிய இரண்டு சைகையையும் பழகி வை. சனிக்கிழமை நீ கூப்பிடும்போது நான் அடுத்த அறையில் இருப்பேன்.

நினைத்தது கைகூடி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாதே, எதிலாவது சாய்த்து வை. இரண்டு கையும் வேண்டியிருக்கும்.