ஈயம் என்று எழுதி வெட்டியது

மச்சான்,

இன்று காலை கல்லடிக் கரையில் ஒருவர் வீச்சுவலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். ஈயத்துண்டை அடிக்கயிற்றில் சுற்றிப் பல்லால் ஒரு கடி. அடுத்த துண்டு வாய்க்குள் காத்திருக்கும். நீங்கள் செய்தது போலவே. சைக்கிளால் இறங்கி, "வாய்க்குள்ள வைக்காதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரன் என்றே நினைத்திருப்பார்.

அக்காவைக் கட்டிய நாள் முதல் என்னைச் சீண்டுவதே உங்கள் பொழுதுபோக்கு. மலைநாட்டு ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்த பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே வெற்றிலை போடுகிறவர்களின் பற்காறையை, பல்லில் கல்லாக இறுகும் ஊத்தையை, சேர்த்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள கல்சியம், இரும்பு என்று ஒவ்வொரு மூலகத்துக்கும் கருவி தாளில் ஒரு மேடு வரையும். லீவில் வந்த என்னிடம் நீங்களே வாயைத் திறந்தீர்கள்.

"சுரண்டு மச்சான். உன்ட மெசின் என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

அன்றும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். "கஞ்சி குடிச்சாச் சரியாப் போகும்" என்றீர்கள்.

உங்கள் தாளில் கல்சியம் பெரிய மேடாக வந்தது. ஈயத்துக்கும் ஒரு மேடு, நல்ல உயரத்தில். கதிர் வெளியே கசியாமலிருக்க எங்கள் கருவியைச் சுற்றி ஈயத்தகடு அடித்திருக்கும். அந்தத் தகடுதான் தாளில் காட்டுகிறது என்று நினைத்தேன். "ஈயம்" என்று எழுதியதை வெட்டி, "கருவியினுடையது" என்று குறித்தேன். எத்தனையோ நாள் உங்கள் பக்கத்தில் குந்தியிருந்து நீங்கள் ஈயம் கடிப்பதைப் பார்த்தவன் நான். அது நினைவுக்கே வரவில்லை. படித்த மடையன்.

அந்த மாரியில் உங்கள் மணிக்கட்டு தொங்கிப்போனது. வலையைத் தூக்க முடியவில்லை. பிறகு வலிப்பு வந்தது. என்ன வருத்தமென்று வைத்தியர்களுக்கும் பிடிபடவில்லை.

காறை இல்லாத வெறும் தட்டை வைத்து ஒரு தரம் கருவியை ஓட்டியிருந்தாலே போதும், அரை மணித்தியால வேலை. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஆய்வுகூடம் திரும்பிய பிறகுதான் ஓட்டினேன். ஈயம் வரவேண்டிய இடத்தில் கோடு சமமாகப் போனது. கருவியில் ஒன்றுமில்லை. அவ்வளவும் உங்கள் வாயிலிருந்து வந்தது. வயிற்றுவலி, மணிக்கட்டு, வலிப்பு எல்லாம் அந்த ஈயத்தின் நஞ்சு.

போன கிழமை அக்கா கேட்டாள்: "அவர்ர வருத்தம் உன்ட மெசினுக்கும் தெரியாமப் போயித்தா தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.

"நீ என்ன செய்வாய் மனே" என்று என் தலையைத் தடவித் தேற்றினாள். அந்தத் தேறுதலைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், மச்சான்.