ஆறு கோட்டுக் கரை

ஆரணி,
14-9-1983

அன்பு மகன் இராஜமாணிக்கத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அப்பா சுகம், இரண்டு தறியும் சுகம், எனக்குக் கழுத்துக்கு மேலும் மணிக்கட்டுக்குக் கீழும் கணுக்காலுக்குக் கீழும் தவிர மற்ற இடமெல்லாம் சுகம். நீ பிலாயில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவும். உன் கடிதம் வந்தது. நாலு ஊசியோடு போதும் என்று சொன்ன அம்மா எப்படி ஐந்தாவதுக்குப் போனாள், ஆறாவதுக்கும் போவாளா, உண்மையை எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு, காரணம் கடைசியில் வரும். பேனா பிடித்தால் விரல் எரிகிறது என்று பேனாவைச் சுற்றிக் கழிவுப் பட்டு நூலைக் கட்டியிருக்கிறேன், அதனால்தான் எழுத்து இப்படி ஆடிக்கொண்டு போகிறது.

மார்பிலிருந்த கட்டியை எடுத்தது உனக்குத் தெரியும். மிச்சம் மீதி எங்கேயும் ஒளிந்திருக்கக் கூடாது என்று மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அந்த மருந்துக்குக் கட்டி எது வாய் எது என்று தெரியவில்லை. ஊசி போட்ட ஒரு வாரத்தில் நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் புண். எச்சில் முழுங்குவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. எதைத் தின்றாலும் பத்துப் பைசாவை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி ருசி. காரம், புளி, சூடு மூன்றும் கூடாது, இரண்டு மணிக்கு ஒரு தரம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும், பிரஷ் வேண்டாம், மெத்தென்ற துணியால் பல்லைத் துடைத்தால் போதும் என்றார் டாக்டரம்மா. இதை உன் அப்பாவை வைத்துக்கொண்டு சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அவர் அலாரம் கடிகாரத்தைத் தறி பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது அடித்ததும் எழுந்து வந்து, எப்படிக் கொப்பளிப்பது என்று எனக்குக் காட்டுவதற்காக முதலில் தான் கொப்பளிக்கிறார். நான் கொப்பளிப்பது எனக்கே கேட்பதில்லை, அவர் கொப்பளிப்பது தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. எதிர்வீட்டு சின்னக்கண்ணு அதை வைத்துத்தான் உலை வைக்கிறாளாம். மெத்தென்ற துணி என்றதும் முந்தானைக்கு வைத்திருந்த நூலில் ஒரு சாண் தனியாக நெய்து கொடுத்துவிட்டார். கேழ்வரகுக் கஞ்சியையும் பட்டுத் துணியில்தான் வடிகட்டுகிறார். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற இந்த ஆரணியில் பட்டால் பல் துலக்குகிறவள் நான் ஒருத்திதான்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிகின்றன. வெந்நீர் ஆகாது, வெயில் ஆகாது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். காலில் உன்னுடைய பழைய என்.சி.சி. காலுறையை மாட்டிக்கொண்டு, முற்றத்துக்குப் போவதென்றாலும் குடையோடுதான் போகிறேன். தபால்காரர் பார்த்துவிட்டு சல்யூட் அடித்தார். உரிந்த தோலில் பட்டு இழை மாட்டிக்கொள்கிறது, எண்ணெய் விரல் பட்டால் பட்டு கறையாகிவிடும், ஆகவே தறியிலிருந்து ஆறடி தள்ளி உன் அப்பா சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறார், நான் அதைத் தாண்டக் கூடாது. இருபத்தெட்டு வருஷமாகப் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிந்து கொடுத்தவள் நான். இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவர் முடிவதில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். நிறையக் கிடைக்கிறது.

இனிமேல்தான் நீ கேட்ட விஷயம். ஒவ்வொரு ஊசிக்கும் நகத்தில் ஒரு கருங்கோடு விழுகிறது. நகம் வளர வளர அது முன்னால் நகர்ந்து போகும், பின்னால் அடுத்தது வரும், மருந்து முடிந்தபின் எல்லாம் வளர்ந்து போய்விடும், பயப்படாதீர்கள் என்றாள் நர்சு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, நமக்கு நெசவு வேலை கொடுக்கிற ரங்கசாமி நாலு சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தவர் என் கட்டைவிரலைப் பார்த்துத் திறந்தபடியே நின்றுவிட்டார். சந்தன நிறம், கருங்கோடு, கொஞ்சம் வெளுப்பு, மறுபடி கோடு. மனுஷர் சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து என் நகத்தை அளந்து, சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு, சுகம் விசாரிக்காமலே போய்விட்டார். பத்து நாள் கழித்து உன் அப்பா வந்து, அந்தக் கோடுகளைப் புடவைக்குக் கரையாகப் போட்டது மெட்ராஸ் கடைக்காரருக்குப் பிடித்துவிட்டதாம், இருபத்து நாலு புடவைக்கு ஆர்டராம், கரைக்கு ஆறு கோடு என்று பேச்சாம், நெய்வது பக்கத்து ஊர் முள்ளிப்பட்டுத் தறிகளிலாம் என்றார். என் பெயரையே வைத்துப் பூங்காவனம் கரை என்று சொல்கிறார்களாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நாலாவது ஊசிக்குப் பிறகு ஐந்து நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. உதட்டைப் பிரித்தால் ரத்தம். ஆறாம் நாள் சொல்லிவிட்டேன், இத்தோடு போதும், வருவது வரட்டும், இனிமேல் நான் வேலூர் பஸ் ஏற மாட்டேன் என்று. கோபத்தில் சொல்லவில்லை ராஜா, முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னேன். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் வாசலில் பதினோரு பேர். ரங்கசாமி முன்னால், முள்ளிப்பட்டு நெசவாளிகள் பின்னால். ரங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு, நாலு கோட்டோட நின்னா கரை பாதியில எழுந்து போன மாதிரி இருக்கும்ங்க, அஞ்சுக்கும் ஆறுக்கும் எவ்ளோ எடம் உட்றதுன்னு தெரியாம பாவு அப்டியே நிக்குதுங்க என்றார். நீங்களே ஏதோ ஒரு இடம் விட்டு நெய்துகொள்ளுங்கள் என்றேன். அதெப்டி அண்ணி, தானா விழுந்தாதான் அழகு, நாம உட்டா பேஜாராப் பூடும் என்றார் அய்யாக்கண்ணு, உன் அப்பாவோடு சின்ன வயசில் ஒரே தறியில் வேலை கற்றுக்கொண்டாரே, அவர்தான். நாலே போதும் என்று ஒருத்தர், அதற்கு நெய்யாமலே இருக்கலாம் என்று ஒருத்தர், ஒரு மணி நேரம் சண்டை. நான் பிழைப்பதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு ஆம்பிளைகள் என் நகத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு வெடித்து ரத்தம் வருகிறது, சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே, சரி போய்த் தொலைகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது ஊசி அப்படிப் போட்டுக்கொண்டதுதான்.

போன வாரம் உன் அப்பா எனக்கு வாயில் அடக்கிக்கொள்ள ஐஸ் வாங்கப் போயிருந்தபோது அய்யாக்கண்ணு இளநீர் கொண்டுவந்தார். ஆர்டர் எத்தனை புடவை முடிந்தது என்று கேட்டேன். எந்த ஆர்டர் அண்ணி, நான் நெய்துகினு இருக்கறது மாங்கா கரையாச்சே என்றார். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ரங்கசாமி அளந்தது நிஜம், மாதிரிக்கு ஒரு முழம் நெய்தது நிஜம், மெட்ராஸ்காரர் அதைப் பார்த்து இது என்ன அளவுகோலா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் நிஜம். இருபத்து நாலு புடவை உன் அப்பா தானாகக் கட்டிவிட்ட கதை. நான் மாட்டேன் என்ற அன்றைக்கு சைக்கிளில் நேராக முள்ளிப்பட்டுக்குப் போய், அண்ணன் எங்க வூட்டு வாசல்ல ஒக்காந்துகினு அழுதாருங்க, நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்கல்லாம் ஜல்தியா வந்து கரைக்கு சண்ட போடுங்கன்னாரு என்றார். யார் நாலுக்கு, யார் ஆறுக்கு என்றுகூட அங்கேயே பிரித்துக்கொண்டு வந்தார்களாம்.

இருபத்தெட்டு வருஷத்தில் உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. வாய்ப்புண் இருக்கும்போது அழக் கூடாது, கண்ணீர் உதட்டில் பட்டால் எரியும். இருந்தாலும் அய்யாக்கண்ணு போனபின் அழுதேன். எரிந்தது.

இப்போது அவர் பாடுதான் பாவம். ஆர்டர் நாற்பதாகிவிட்டது என்று நேற்றுச் சொன்னார். என்ன நிறம் என்றேன். விழித்துவிட்டு, நாவல்பழம் என்றார். யாருக்கு முதல் புடவை என்றேன். கொப்பளிக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார், அலாரம் அடிக்கவே இல்லை. தினமும் காலையில் என் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், ரங்கசாமி கேட்டார் என்கிறார். ரங்கசாமி மகள் வீட்டுக்குக் களம்பூர் போய்ப் பத்து நாள் ஆகிறது. முந்தாநாள் ஐந்தாவது கோடு நகத்தின் அடியில் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு என் விரலை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வருகிற வாரம் ஆறாவது ஊசிக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்துபோனது அவருக்குத் தெரிய வேண்டாம், அதற்குத்தான் கிழிக்கச் சொன்னது. நீ அவருக்கு எழுதும்போது ஆர்டர் எத்தனை ஆயிற்று என்று மறக்காமல் கேள், சொல்வதற்கு ஒரு எண்ணிக்கை தயாராக வைத்திருப்பார். காரத்தைக் குறைத்துக்கொள், இரவு படுக்கும்முன் வாய் கொப்பளி. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பல்லோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஐந்து கோட்டோடு உன் அம்மா
சி. பூங்காவனம்