நீ பார்க்காமல் போன மறு ஆட்டம்

இன்று காலை கடலைமிட்டாய் ஒன்றைப் பாதியாக உடைத்து வாயில் போடப் போனேன். பக்கத்து அறையில் பேரன் செல்போனில் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் உயிரை விடுகிற ஏதோ ஒரு வெளிநாட்டுக் கால்பந்து கிளப்புக்குப் புதிதாக ஒரு பிட்னெஸ் கோச்சைப் போட்டிருக்கிறார்களாம். "ஜென்மத்துல பந்தைத் தொடாத ஆளுலே அவன்! அவன் வந்து இவங்களுக்கு ஓடச் சொல்லிக் குடுக்கப் போறானாக்கும்?" என்று வீடு அதிரக் கத்தினான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதே சண்டை, அதே வார்த்தை! உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான், நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது என்பது உறைத்தது. போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

ஊரே ஹாக்கி மட்டையோடு அலைந்த காலத்தில் நாம் இரண்டு பேரும் கால்பந்துக்கு வாக்கப்பட்டோம். நம் குழுவுக்கு ஒரு நீளமான பெயர் இருந்தது. அது செயலாளருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அது மஞ்சள் பனியன். என் அண்ணன் அதில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவன் என்பதால் நான் பார்க்கப் போனேன். உனக்கு அதில் யாருமில்லை. எனக்குத் துணையாக வந்தவள், ஒரே மாதத்தில் என்னைவிடப் பெரிய பைத்தியமாகிவிட்டாய். மைதானத்து ஓரத்தில் கிடந்த கல் உருளைதான் நம் இடம். "பொம்பளப் பிள்ளைகளுக்கு இங்கன என்ன வேலை?" என்று கேட்டவரிடம், "உங்களுக்கு என்ன வேலையோ அதுதான் அண்ணாச்சி" என்றாய். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

திங்கள் முதல் சனி வரை தீப்பெட்டி ஆபீசில் எதிரெதிரே உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்குவோம். கை தன்பாட்டுக்கு அடுக்கும். வாய் பந்து விளையாடும். பேசித் தீராத ஒரே விஷயம், மஞ்சள் பனியனின் கடைசிப் பதினைந்து நிமிடம். முதல் பாதியில் நம்மவர்கள் புலி. கடைசிப் பதினைந்து நிமிடம் வந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்து போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் அண்ணன் அதில் முதல் ஆள்.

கழுகுமலைக்கு ஆடப் போன அன்று பாதி வழியில் பஸ் நின்றுபோனது நினைவிருக்கிறதா? வேறு வழியில்லாமல் நடக்கத் தொடங்கிய நம் வீரர்கள், மூன்றாவது மைல்கல்லில் நாக்கைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது ஒருவர் இருநூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறார். நாகலாபுரத்துப் பக்கமிருந்து நாலு நாளாக நடந்து வருகிறவர். சட்டையில் வியர்வைகூட இல்லை. "என்னப்பா, வெயிலு ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு அதே நடையில் போய்விட்டார். அவர் உன் சித்தப்பா. உரத்துக்காக நிலங்களில் ஆட்டுக்கிடை போட ஊர் ஊராக நடக்கிறவர். நம் செயலாளர் அந்த மைல்கல்லில் உட்கார்ந்தபடியே முடிவெடுத்துவிட்டார்.

மறு வாரம் தையல்கடை வாசலில் தொங்கும் கரும்பலகையில் அவர் பெயர் இருந்தது. பக்கத்தில், "உடற்பயிற்சி மாஸ்டர்".

அப்பப்பா, அந்த ஒரு வாரம்! ஊரில் கால்பந்து பார்க்கிறவர்கள் மொத்தமே இருநூறு பேர் இருப்போம். இருநூறு பேரும் இரண்டாகப் பிரிந்தோம். பட்டாளத்தில் இருந்து வந்த டிரில் மாஸ்டர் ஒருவர் சும்மாதான் இருந்தார். அவரைப் போடாமல் கிடை போடுகிறவரைப் போடுவதா என்று தையல்கடை அண்ணாச்சி கொதித்தார். மஞ்சள் பனியன் அத்தனையும் அவர் தைத்தது. அதனால் குழுவே தன்னுடையது என்று அவருக்கு நினைப்பு. "ஆட்டுக்கு ஓடத் தெரியும்வே. அதுக்காக ஆட்டைக் கூட்டியாந்து ஆட விடுவமா?" என்று கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டினார். டீக்கடை பெஞ்சில் எச்சில் தெறிக்கப் பேசினார்கள். 'கிடை மாஸ்டர்' என்ற பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

நான் அண்ணாச்சி கட்சி. எனக்குப் பயம், அதுதான் நிஜம். இரண்டு வருடமாக மானாவாரி பொய்த்து, வீட்டில் அண்ணன் ஒருவனுடைய கையைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்பின்னிங் மில்லுக்குச் சொந்தமாக ஒரு டீம் இருந்தது. ஐப்பசியில் நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவதாகவும், கடைசிவரை ஓடுகிறவன் எவனோ அவனை மில்லில் எடுத்துக்கொள்வதாகவும் மானேஜர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் இப்படி ஒரு சோதனையா என்று எனக்கு ஆத்திரம். "உங்க சித்தப்பாவுக்குக் கோல்போஸ்ட் எந்தப் பக்கம்னாவது தெரியுமாட்டி?" என்று கேட்டேன். நீ குச்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அது ரெண்டு பக்கமும் இருக்குட்டி. நீ முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ" என்றாய். நாலு நாள் நாம் மத்தியானச் சோற்றைச் சேர்ந்து சாப்பிடவில்லை.

அவர் பந்தைத் தொடவே இல்லை. மழை பெய்த மறுநாள் எல்லாரையும் உழுத கரிசல் காட்டுக்குக் கூட்டிப் போனார். ஈரக் கரிசலில் பத்து எட்டு வைத்தால் காலுக்கடியில் இரண்டு படி மண் சேர்ந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் அதில் நடக்கவே யோசிப்பார்கள். இவர் ஓடச் சொன்னார். "காலைத் தூக்காத. உருவு. குதிகாலை முதல்ல உருவு" என்று வரப்பில் நின்று கத்துவார். நாக்கை மடித்து ஒரு சீட்டி அடித்தால் ஓட வேண்டும், இரண்டு அடித்தால் திரும்ப வேண்டும். ஆட்ட நாளில் மத்தியானத்துக்கு மேல் எதுவும் தின்னக் கூடாது. இடைவேளையில் இரண்டே மடக்குத் தண்ணீர். மீறினால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே மாதத்தில் அண்ணன் கன்னம் ஒட்டிப் பாதியாகிவிட்டான். எனக்கு வயிறெரிந்தது.

இறுதி ஆட்டம் தூத்துக்குடிக்காரர்களோடு. முதல் பாதியில் அண்ணன் ஒரு கோல் போட்டான். நீ உருளை மேல் ஏறி நின்று ஆடியதில் உன் ஜடை அவிழ்ந்துவிட்டது. இடைவேளையில் அவன் உடைமரத்தடியில் தனியாகக் குந்தியிருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பெற்ற தாய் பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைத்துக்கொண்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த உள்ளங்கை அகலக் கடலைமிட்டாயையும் ஒரு செம்புத் தண்ணீரையும் எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய். "வேண்டாம்ட்டி. சித்தப்பா சொல்லியிருக்காவ." உதறிவிட்டுப் போனேன். பசியில் இருந்தவன் யோசிக்கவே இல்லை. மிட்டாயைக் கடித்து விழுங்கிச் செம்பையும் கவிழ்த்தான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு மடங்கினான், வாந்தியெடுத்தான், தூக்கி வெளியே போட்டார்கள். மற்றவர்கள் கடைசிவரை ஓடினார்கள். ஆனாலும் ஒரு கோல் வாங்கிவிட்டோம். ஒன்றுக்கு ஒன்று. அடுத்த ஞாயிறு மறு ஆட்டம் என்று அறிவித்தார்கள். அதற்கும் வருவதாகச் சொல்லிவிட்டு மானேஜர் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் தையல்கடை முன்னால் இருநூறு பேரும் கூடிவிட்டோம். "ஓட விட்டு ஓட விட்டுப் பையன் குடலைக் கெடுத்துட்டாரு. இன்னைக்கே ஆளை மாத்துங்க!" என்று அண்ணாச்சி கூச்சல். டிரில் மாஸ்டர் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வந்து தயாராக நின்றார். உன் சித்தப்பா துண்டைத் தோளில் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "மத்தியானத்துக்கு மேல எதையும் தின்னியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்றால் அவனுக்கு மறு ஆட்டம் இல்லை, மில் வேலை இல்லை. இல்லை என்றால் உன் சித்தப்பாவுக்கு அன்றோடு சரி. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவில்லை.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்து உன் குரல் கேட்டது. "நாந்தான் மிட்டாய் குடுத்தேன். சித்தப்பா குடுக்கச் சொன்னாவன்னு சொல்லிக் குடுத்தேன். நம்பித் தின்னுட்டாவ. அவிய மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பொய்யை உலகத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. மாஸ்டருடைய சொந்த அண்ணன் மகள் சொன்னால்தான் அது நிற்கும். மாஸ்டரின் பயிற்சி மேலும் பழியில்லை, மாஸ்டர் சொல்லைத் தட்டாத அண்ணன் மேலும் பழியில்லை. உன் சித்தப்பா உன்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்தார். பிறகு, "அப்பம் மறு ஆட்டத்துக்கு நீ வரக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி நடக்கையில் நான் அழுதுகொண்டே வந்தேன். உனக்குக் கோபமே வரவில்லை. "அழாதட்டி. ஆட்டத்தை ஒழுங்காப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒரு உதை விடாமச் சொல்லணும்."

சொன்னேன், இல்லையா? திங்கட்கிழமை முழுக்கச் சொன்னேன். முதல் பாதி கோலே இல்லை. இடைவேளையில் அண்ணன் இரண்டு மடக்குத் தண்ணீரை எண்ணிக் குடித்தான். அந்த நேரம் பார்த்து ஒரு மழை, கால்மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. கண்மாய்ப் பக்கத்து கோல்போஸ்டைச் சுற்றிக் கறுப்பாய்ச் சேறு. தூத்துக்குடிக்காரர்களுக்கு மணலில் ஆடிப் பழக்கம். பத்து எட்டில் ஒவ்வொருவர் பூட்ஸும் யானைக்கால் ஆனது. ஒருவர் பூட்ஸைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனார். நம்மவர்கள் உருவி உருவி ஓடினார்கள்! கடைசிப் பதினைந்து நிமிடம் வந்தது. ஒருவன்கூட இடுப்பில் கை வைக்கவில்லை. ஓரத்தில் இருந்து ஒரே ஒரு சீட்டி. அண்ணன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, ஒருவரை விட்டு, இன்னொருவரை விட்டு, கோல்காரரையும் தாண்டி, சேற்றில் சறுக்கிக்கொண்டே பந்தோடு சேர்ந்து தானும் வலைக்குள் போய் விழுந்தான். தையல்கடை அண்ணாச்சி அழுதுகொண்டே ஓடிப் போய், கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி உன் சித்தப்பாவுக்கு மாலையாகப் போட்டார். மில் மானேஜர் காரில் இருந்து இறங்கி, சேற்றில் நடந்து வந்து அண்ணனிடம் பெயர் கேட்டார்.

அந்த கோலை மட்டும் நீ ஏழு தடவை சொல்லச் சொன்னாய். என் சட்டத்தில் பாதிக் குச்சி தாறுமாறாகி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன்னை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்த பிறகும், எப்போது பார்த்தாலும் "சொல்லுட்டி" என்பாய். என் அண்ணன் ரிட்டையர் ஆன அன்றுகூடக் கேட்டாய். நானும் ஒரு உதை விடாமல் சொல்வேன்.

ஆனால் ஒன்றை விட்டேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, உன் சித்தப்பா அந்த அளவு டேப்போடு உருளை பக்கம் வந்தார். நீ உட்காருகிற இடத்தைப் பார்த்தார். "எங்க வீட்டுப் பிள்ள நான் சொல்லாததைச் சொன்னேன்னு சொல்லாது. சொன்னா யாரையோ காப்பாத்தத்தான். அன்னைக்கு உன் மொகத்தையும் பாத்தேன். அவளுக்குத் தண்டனை குடுக்காட்டா அவ சொன்னதைக் கூட்டம் நம்பாது, உன் அண்ணனும் ஆட முடியாது. எனக்குத் தெரியும்னு நீயே அவகிட்டச் சொல்லிரு. நான் சொன்னா எனக்கு அழுகை வந்துரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்த மிட்டாயையும் சேர்த்துப் பேச வேண்டும். நீ ஒரு நாளும் அதை எடுத்ததில்லை. எடுக்க எனக்கு முகமில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. சித்தப்பா இறந்தபோது அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "கடைசி வரைக்கும் என்னைத் தப்பா நெனச்சுக்கிட்டே போயிட்டாவளே" என்று நீ அழுதாய். உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அப்போதும் சொல்லவில்லை. அதைவிட ஈனத்தனம் வேறு என்ன இருக்கிறது?

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர் உன்னை ஒரு நிமிடம்கூடத் தப்பாக நினைக்கவில்லை. ஊரே என் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது, அவர் மட்டும் ஆளில்லாத அந்தக் கல் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேரன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறான். பந்தைத் தொடாதவன் என்ன கிழித்துவிடுவான் என்று கேட்கிறான். பாதி மிட்டாய் கையிலேயே பிசுபிசுத்துப் போயிருக்கிறது. போனை வைக்கச் சொல்லிவிட்டு, அவனை உட்கார வைத்து மறு ஆட்டத்தைச் சொல்லப் போகிறேன். முந்தானை முடிச்சில் இருந்து தொடங்கி, இந்தத் தடவை ஒரு உதை விடாமல்.