முன்னால் தள்ளியிருக்கும் சீட்

மார்ச் 3, ஞாயிறு

காரைக் கழுவித் துடைத்து பாலிஷ் போட்டேன். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தேன். மனைவி இறந்து இன்றோடு பதினான்கு மாதம். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. கேட்டைத் தாண்டி வண்டி போனதும் இல்லை. அது அவள் வண்டி. ஓட்டத் தெரிந்தும் எனக்கு எப்போதும் பஸ்தான்.

டிரைவர் சீட் அவள் கடைசியாக இறங்கியபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவள் குள்ளம். நான் உட்கார்ந்தால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். பத்து நிமிடம் மடங்கி உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவேன்?

மார்ச் 5, செவ்வாய்

மகள் ஃபோன் செய்தாள். சனிக்கிழமை வருகிறாள். ஓட்டாத வண்டி எதற்கு, விற்றுவிடுங்கள் என்றாள். இது மூன்றாவது முறை. யார் ஓட்டாதது, ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீம்பு.

மார்ச் 9, சனி

மகளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. என்னால்.

மார்ச் 11, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பத்திரிகையில் செய்த வேலை அதுதானே.

காலை 9.40, ஸ்டேஷன். ஏறி உட்கார்ந்ததும் மகள் என் முட்டியைத்தான் பார்த்தாள். “சீட்டைப் பின்னாடி தள்ளுங்கப்பா. சின்னப் பிள்ளையோட சைக்கிளைப் பிடுங்கி ஓட்டற மாதிரி இருக்கீங்க.” பழகிவிட்டது என்றேன். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

10.15 இருக்கும். புறவழிச் சாலை. வேகம் எழுபது. வெடி போட்டது போல ஒரு சத்தம் – முன்பக்கம், இடது டயர். வண்டி இடது பக்கமாக இழுத்தது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கவே கூடாது. வண்டி தானாகத் தளர்ந்து நிற்கும். இது எனக்குத் தெரியும். ஞாயிறு மலரில் அரைப்பக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனால் திரும்பிய ஸ்டீயரிங் என் முட்டியில் முட்டி நின்றது. இடுக்கிலிருந்து உருவிய கால் நேராகப் பிரேக்கில் போய் விழுந்தது. வண்டி சுழன்று ஓரத் தடுப்பில் இடித்து நின்றது. மகள் கையை முன்னால் ஊன்றியிருக்கிறாள்.

பின்னால் போய் ஸ்டெப்னியை எடுத்தேன். அதிலும் காற்றில்லை.

‘டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்று நூறு செய்தியாவது எழுதியிருப்பேன். காரா இழந்தது?

மருத்துவமனையில் மகளுக்குக் கட்டுப் போட்டார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: “அம்மா சீட்டைப் பத்திரமா வெச்சிருந்தீங்க. பக்கத்து சீட்ல நான் இருந்தேம்பா.”

மார்ச் 12, செவ்வாய்

மூன்று வேளையும் சேர்ந்தே சாப்பிட்டோம். உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா. அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 14, வியாழன்

டயர் கடைக்குப் போனேன். வண்டியை அங்கேதான் இழுத்துப்போய் விட்டிருக்கிறார்கள். கடைக்காரர் ஆறடி ஆள். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். “இதுல முகம் பாத்து ஷேவ் பண்ணலாம் சார். காத்து எப்ப பாத்தீங்க?”

பதினான்கு மாதம் ஆகிறது என்றேன்.

டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அதன்மேல் நான்கு இலக்கம். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம், டயர் செய்யப்பட்ட தேதி. எட்டு வயதாகியிருக்கிறது. வண்டி ஓடவே இல்லையே என்றேன். ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றாலும் ரப்பர் கெடும் என்றார். காற்றுக் குறைந்த டயர் ஓடினால் சூடேறி வெடிக்கும் என்றார். யாரைப் பற்றி எழுதினாலும் வயதை இரண்டு முறை கேட்டு எழுதுகிறவன் நான். வாராவாரம் அந்த நான்கு இலக்கத்தைச் சுற்றித்தான் துணி போட்டுத் துடைத்திருக்கிறேன்.

அவள் மாதம் முதல் தேதி, வண்டியை எடுப்பதற்கு முன், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்துக்கும் காற்று பார்ப்பாள். அளக்கிற கருவி இன்னும் கதவுப் பையில் கிடக்கிறது. ஜுரம் இருக்கா என்று கேட்பேன். “உங்களுக்குப் பாத்தா ஓடிடுவீங்க. இது நின்னு காட்டுது” என்பாள். அந்தக் கருவியை ஒரு தடவை கையில் எடுத்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 21, வியாழன்

வண்டி தயார் என்று ஆள் அனுப்பினார்கள். நான்கும் புது டயர், ஸ்டெப்னியும் புதிது. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். முட்டி இடிக்கவில்லை.

கத்திவிட்டேன். யாரைக் கேட்டுத் தொட்டீங்க, யார் தொடச் சொன்னது – கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கோபப்படவில்லை. உள்ளே ஓட்டிப் போக வேண்டியிருந்தது, இந்த உடம்பை எங்கே மடக்குவது என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரு சார் ஓட்டறது?” என்றார்.

மனைவி என்றேன். அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க சார். அதே இடத்துல வெச்சுத் தர்றேன்.”

சொல்லத் தெரியவில்லை. அடியில் இருக்கும் பல் வரிசையில் எத்தனை பல் முன்னால் என்று ஒருநாளும் எண்ணவில்லை. சாலை அகலம், கூட்டத்தின் தலை எண்ணிக்கை, பிணத்தின் சட்டை நிறம் – எல்லாம் குறித்துவைத்தவன் இதைக் குறிக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

சீட் நகர்ந்துபோனதை மகளிடம் சொன்னேன். ஒற்றைக் கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்தாள். “அந்த வண்டியைப் பாத்தாலே அம்மா உள்ள இருக்கற மாதிரி இருக்குப்பா. அதான் வித்துடுங்கன்னேன்.”

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் விற்கவில்லை என்றேன்.

இரண்டு பேரும் அழுதோம். டீ ஆறிப்போயிற்று.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், ஐந்துக்கும் காற்று பார்த்தேன். பின்பக்கம் வலதில் மட்டும் கொஞ்சம் குறைவு. ஜன்னலிலிருந்து மகள், “ஜுரம் இருக்கா?” என்றாள். எத்தனை வருடம் இவள் காதுபட இவள் அம்மாவிடம் கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 22, திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்திருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

ஏப்ரல் 28, ஞாயிறு

மகள் ஊருக்குக் கிளம்பினாள். ஸ்டேஷன் வரை தானே ஓட்டுவதாகச் சாவியை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தாள், கால் எட்டவில்லை. அடியில் கையை விட்டு சீட்டை முன்னால் இழுத்தாள். டக், டக் என்று ஐந்து சத்தம். நின்றது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அங்கிருந்து பார்க்க, அவள் அம்மாவின் தோள் இருக்கும் இடத்தில் அவள் தோள் இருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். வண்டியை எடுத்தாள்.

ரயில் போன பிறகு திரும்பி வந்து கதவைத் திறந்தேன். சீட் முன்னால் தள்ளி இருந்தது. அதே இடம்தானா? உறுதிப்படுத்தப்படாத தகவல். இப்படி ஒன்றை நான் அச்சுக்கு அனுப்பியதே இல்லை.

கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

ஐந்து பல் பின்னால் தள்ளினேன். உட்கார்ந்தேன். முட்டிக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே ஒரு சாண். புறவழிச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்தேன்.

நிறுத்திய பிறகு சீட்டை மறுபடி முன்னால் இழுத்து வைக்கவில்லை.

ஐந்து. இங்கே எழுதி வைக்கிறேன்.