துப்பாக்கிக்கு மை வைத்தவளுக்கு

போன வாரம், தேர்தல் முடிந்து, ஒப்படைத்திருந்த துப்பாக்கியைத் திரும்ப வாங்க ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா அதை உறையிலிருந்து உருவி, குழலின் மேல் விரலை ஓட்டிவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, கையெல்லாம் கருப்பாவுது? கிரீஸா?"

"கண்மைங்க," என்றேன்.

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுபது வயது தாண்டியவளுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்திருப்பார். எனக்கோ அந்த விளக்கெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடிப்பாவி, நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து என் மானத்தை வாங்குகிறாய்.

எழுபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் அடித்த கூத்தை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர் மகள் நான். சாந்தோமில் கணக்கு டீச்சர் நீ. உன் அண்ணனின் ஸ்கூட்டரை நீ ஓட்ட, அப்பாவின் பழைய இரட்டைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, அடையாறு பாலத்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பெருங்குடிப் பக்கம் அப்போது வெறும் வெட்டவெளி. அங்கேதான் துப்பாக்கி சுடும் கிளப்பின் மைதானம். சுடுகிறவர் குரல் கொடுத்ததும் குழிக்குள்ளிருந்து ஒரு பொறி களிமண் தட்டை வீசும், அது எழும்பி ஓடும், விழுவதற்குள் சுட்டு நொறுக்க வேண்டும். நீ ஒருநாளும் சுட்டதில்லை. சத்தம் ஆகாது உனக்கு. ஆனால் நான் ஏன் தவறவிடுகிறேன் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

துப்பாக்கிக் குழலின் மேல் நீளவாக்கில் ஒரு பட்டை ஓடும். ரிப் என்பார்கள். நுனியில் குறி பார்க்க ஒரு சின்னப் பித்தளை மணி. கிளப்பில் மற்றவர்களுடையது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ரிப் உயரமாக நிற்கும், அடியில் காற்று போகச் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், குழல் சூடானாலும் கானல் கண்ணை மறைக்காது. தலையை நிமிர்த்திக்கொண்டே சுடுவார்கள், தட்டு மணிக்கு மேலே பளிச்சென்று தெரியும். என்னுடையதில் ரிப் குழலோடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். கன்னத்தை அழுத்திப் படுக்க வைத்தால்தான் குறி. எழும்புகிற தட்டைக் குழலே மறைத்துவிடும், நான் அதன் காலடியில் சுடுவேன்.

நீ கடையிலிருந்து வெள்ளை மல் துணி கொண்டுவரச் சொல்லி, கழி நட்டுக் கட்டி, அதில் என்னைச் சுடவைத்தாய். ரவைகள் சிதறிப் போட்ட ஓட்டைகளை உட்கார்ந்து எண்ணினாய். நடுவில் போட்ட புள்ளிக்கு மேலே பாதி, கீழே பாதி.

"எழும்பி ஓடுற தட்டுக்கு முக்காலும் மேல விழணும். இதுல பின்னாடி குறியே கிடையாதுடி. உன் கண்ணுதான் பின்குறி. கண்ணைக் கொஞ்சம் தூக்கு, குண்டும் மேல போவும்."

மறுநாளே வெல்வெட் துண்டில் பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்து, கன்னம் படுகிற கட்டையில் கட்டிவிட்டாய். கண் உயர்ந்தது. பட்டை லேசாகத் தெரிந்தது. அடுத்த துணியில் முக்கால்வாசி ஓட்டைகள் மேலே! அன்றிலிருந்து தட்டுகள் நொறுங்க ஆரம்பித்தன. கிளப் ஆண்கள் அந்தத் தலையணையைப் பார்த்து, துப்பாக்கிக்குத் தூக்கம் வருகிறதா என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே.

மாநில அணித் தேர்வு விஜயதசமி அன்று வந்தது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஏட்டி, இந்தத் தடவ உம் பேரு வரலன்னா துப்பாக்கி பெரியப்பா தோட்டத்துக்குப் போயிரும். அங்க பன்னி விரட்டட்டும். நீ கல்லாவுல வந்து உக்காரு." அவர் சொன்னால் செய்கிறவர்.

அதற்கு முந்தின நாள்தான் நான் அந்த மகா காரியத்தைச் செய்தேன். ஆயுத பூஜை. கடையில் கத்தரிக்கோல், மீட்டர் கோல் எல்லாம் தேய்த்துத் துடைத்து வரிசையாக வைத்திருந்தோம். என் ஆயுதம் மட்டும் மங்கலாக இருக்கலாமா? உப்புத்தாளை எடுத்து அந்தப் பட்டையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். கருப்பு போயிற்று, மேலே இருந்த சொரசொரப்பும் போயிற்று. குத்துவிளக்கு மாதிரி மின்னியது. சந்தனம் குங்குமம் வைத்து விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் பத்து மணி வெயிலில் துப்பாக்கியைத் தூக்கினேன், பட்டை முழுவதும் ஒரே நெருப்பு. மணி எங்கே, தட்டு எங்கே, ஒன்றும் தெரியவில்லை. முதல் சுற்றில் இருபத்தைந்துக்குப் பதினைந்து. இரண்டு சுற்றிலும் சேர்த்து முப்பத்தெட்டு வேண்டும். அப்பா குடையை மடக்கிவிட்டார்.

நீ துப்பாக்கியைப் பிடுங்கிப் பார்த்தாய். "லூசாடி நீ? அந்தக் கருப்பும் சொரசொரப்பும் வெயில் கண்ணுல அடிக்காம இருக்கத்தானே வெச்சிருக்கான்!" திட்டிக்கொண்டே கைப்பையைத் துழாவினாய். கண்மை டப்பா. ஒரு விரல் வழித்து மணி வரைக்கும் தடவினாய். எண்ணெய்ப் பசை மின்னக்கூடாதென்று கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தாய். வெள்ளைக் கைக்குட்டை பாழ். கிளப் செக்ரட்டரி ஓடிவந்தார்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"திருஷ்டி சார். நிறையப் பேர் கண்ணு வெச்சிட்டாங்க," என்றாய், சிரிக்காமல்.

இரண்டாம் சுற்று. பட்டை அமாவாசை மாதிரி இருண்டு கிடந்தது, அதன் மேல் தட்டு மட்டும் தனியாக எழும்பியது. ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து... எல்லாம் தூள்! தலையணைக்குச் சிரித்தவர்கள் இப்போது தட்டுகளை எண்ண ஆரம்பித்தார்கள். இருபத்து மூன்றிலேயே அணிக்குள் வந்துவிட்டேன். இருபத்து நான்கும் நொறுங்கியது. கடைசித் தட்டுக்குக் குரல் கொடுத்தேன், அது எழும்பிய அதே நொடியில் நீ "ஜெயிச்சிட்டோண்டீ!" என்று போட்ட கூச்சலில் நான் வானத்தைச் சுட்டேன்.

அப்பா முப்பத்தொன்பதைக் கொண்டாடவில்லை. "அந்த ஒண்ண ஏன் விட்ட?" என்றார். "அது என் தட்டு அப்பா, நான்தான் விட்டேன்," என்று நீ குறுக்கே வந்தாய். பிறகு குடையை மறுபடி விரித்து, அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அவர் அழுததை நாம் இருவரும் பார்த்தோம். துப்பாக்கி எங்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ போட்டிகள், கோப்பைகள். உயரமான ரிப் வைத்த துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று பலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் கட்டைக்கு, மை பட்டைக்கு. இன்றுவரை அதுதான் வழக்கம். உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறையில் எல்லோரும் பூப் போட்டார்கள். எனக்கு என்ன கொண்டுவருவதென்றே தெரியாமல் வெறுங்கையோடு நின்றேன். அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது.

நேற்று மைதானத்துக்குப் போனேன். பெருங்குடியில் இப்போது எங்கு பார்த்தாலும் ஆபீஸ், ஆகவே ஊர் தாண்டி எங்கோ போகவேண்டியிருக்கிறது. எத்தனை தட்டு வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றே ஒன்று, என்றேன். உன் வெல்வெட் மெத்தையில் கன்னத்தை வைத்தேன். கண் உயர்ந்தது. குரல் கொடுக்கும் முன் கொஞ்ச நேரம் நின்றேன், நீ கத்துவாயோ என்று. ஒரு சத்தமும் இல்லை.

தட்டு எழும்பியது. சுட்டேன். தூள்!

ஜெயிச்சிட்டோண்டீ என்று இந்தத் தடவை கத்தியது நான்.